அத்தை இறங்க விடாத கட்டில்

எழுபதுகளின் தொடக்கம். ஆரம்பாக்கத்தில் இருந்தோம். எனக்கு அம்மா இல்லாததால் தலைப்பிரசவம் புகுந்த வீட்டிலேயே நடந்தது. கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை; காலை ரயிலுக்குப் போனால் இருட்டித்தான் வருவார். என்னைப் பார்த்துக்கொண்டதெல்லாம் மாமியார்தான். அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

அப்படியொரு கவனிப்பு! பிள்ளை பிறந்ததிலிருந்து என் கால் தரையில் படவில்லை. பல் தேய்க்கத் தண்ணீர், பூண்டுக் குழம்பு, சோறு எல்லாம் கட்டிலுக்கே வரும். புரண்டு படுக்கக்கூட அத்தையின் உத்தரவு வேண்டும். வெளியே அலுத்துக்கொண்டாலும் உள்ளூர ரசித்தேன்.

ஆறாம் நாள் சர்க்கார் நர்சம்மா வந்தார். என் கெண்டைக்கால்களை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. உடனே எழுந்து நடக்கச் சொன்னார். அத்தை கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எம்பொண்ணு புள்ள பெத்த பத்தாம் நாளு எய்ந்து நின்னா. நெஞ்சப் புடிச்சிக்கினு அப்டியே வுயுந்துட்டா. இவளயும் வாரிக் குடுக்க சொல்றியாம்மா?"

அத்தைக்கு ஒரு மகள் இருந்து போனது எனக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்பது அன்றுதான் தெரிந்தது. அவளும் படுத்தேதான் இருந்தாளா என்று நர்சம்மா மெல்லக் கேட்டார். ஆமாம், காலைக் கீழே வைக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்றார் அத்தை.

"நீங்க கையப் புடிச்சிக்கினா பயம் இல்லம்மா. நீங்களே நடத்துங்க" என்றார் நர்சம்மா.

அத்தை என் கையைப் பிடித்தார். வாசல்வரை போய்த் திரும்பினோம். என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது.

அவர் வெந்நீர் எடுக்கப் போனதும் நர்சம்மா தாழ்ந்த குரலில் விளக்கினார். பிள்ளை பெற்றவள் அசையாமலே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளலாம். அது நெஞ்சுக்குப் போய் அடைத்தால் உயிரே போய்விடும். அந்தப் பெண்ணுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

"அவங்ககிட்ட சொல்லிடாதம்மா. அவ்ளோ பாசமா பாத்துக்கினவங்க. தாங்க மாட்டாங்க."

நான் சொல்லவில்லை. அடுத்த இரண்டு பிரசவத்திலும் மறுநாளே அத்தை கையைப் பிடித்து நடத்தினார். தான் கையைப் பிடித்ததால்தான் மருமகள் பிழைத்தாள் என்று, சாகும்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் நான் "ஆமா அத்தை" என்றேன். அவர் என்மேல் வைத்த அன்புக்கு என்னால் திருப்பிச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று இன்றும் தோன்றுகிறது.