நான்கு தாள் துன்பம்

இன்று காலை பத்து இருபதுக்கு முந்திரிப் பொட்டலம் வந்தது. கந்தர்வக்கோட்டையிலிருந்து என் பள்ளித் தோழி செல்வி, தன் தோப்பில் விளைந்ததை அனுப்பியிருந்தாள். அவிழ்த்ததும் வறுத்த கொட்டையின் புகைவாசனை எழுந்தது. பொட்டலத்தைக் கட்டியிருந்த வெள்ளை நூல், என் நினைவில் விடைத்தாள் கட்டும் நூலாகிவிட்டது.

பத்தாம் வகுப்பு அரையாண்டில் வரலாற்றுத் தேர்வு. ஜன்னல் வழியே இதே புகை மிதந்து வந்தது. இந்த முறையும் தேறாவிட்டால் படிப்பு போதும், கொட்டை வறுக்கும் கொட்டகைக்குப் போ என்று செல்வியின் அப்பா சொல்லியிருந்தார். கட்டு கனமாக இருந்தால்தான் மதிப்பெண் என்பது எங்கள் வகுப்பின் நம்பிக்கை. 1857 கிளர்ச்சிக்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. வாங்கிய கூடுதல் தாள்கள் நான்கு. செல்வி ஒன்றுகூட வாங்கவில்லை.

மணி அடித்து நூல் கட்டும்போது மெதுவாகக் கேட்டேன். "என்னடி, எலை மாதிரி இருக்கு? இன்னும் ரெண்டு ஷீட்டு எழுதியிருக்கலாம்ல?"

"அஞ்சு காரணம். ஒவ்வொண்ணுக்கும் தலைப்புப் போட்டு, அதனால என்ன ஆச்சுன்னு எழுதிட்டேன். அதுக்கு மேல என்னடி இருக்கு?"

"கொட்டகைக்குத்தான் போகப்போற."

"போனா ஒனக்கும் கொட்ட கொண்டாறேன், போடி."

சிரித்தாலும் அவள் நூலை இரண்டு முறை நழுவவிட்டாள். முடிச்சை நான்தான் போட்டேன்.

செல்வி தேறினாள், அந்தக் கட்டுரைக்கு முழு மதிப்பெண். என் நான்கு தாள்களுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு. அடியில் டீச்சர் எழுதியிருந்தார்: 'மக்கள் துன்பப்பட்டனர் என்றே பதினோரு முறை.'

எட்டிப் பார்த்த செல்வி சொன்னாள்: "இதப் படிச்ச டீச்சர் பட்டது பன்னெண்டாவது."

பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. எண்ணிப் பார்த்தேன், இரண்டே சொல்.

"வறுத்தாச்சு. தின்னு."