சோளக்காட்டில் நிற்கும் கலங்கரை விளக்கம்

காலை எட்டு மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினேன். மல்லசமுத்திரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். கடலோரத்தில் பிறந்தவன் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே போவது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

எங்கள் ஊர்க் கரையைக் கடல் அரித்ததும், தள்ளிப் புதுக் கோபுரம் கட்டிவிட்டுப் பழைய இரும்புக் கோபுரத்தை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் ஆழ்துளைக் கிணறு போடும் மல்லசமுத்திரத்து ரிக் வண்டிக்காரர். உடைத்து விற்பார் என்று நினைத்தோம். மனிதர் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, லாரியில் ஏற்றிவந்து, தன் தோட்டத்தில் அப்படியே நிறுத்திவிட்டார். அதில் விளக்கேற்றியவர் என் அப்பா. சட்டம் பேசி என்னை ஒருநாளும் மேலே ஏற்றியதில்லை. இப்போதாவது ஏறிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

நிறுத்தத்தில் ஆட்டோ பிடித்தேன்.

"லைட் ஹவுசுங்களா? போலாமுங்க. ஆனா சாமி மேல இருந்தா அந்தத் தோட்டத்துக்கார அக்கா ஏற உடமாட்டாங்க," என்றார் ஓட்டுநர்.

சாமியா? சுருக்கென்றது. கப்பலுக்கு வழிகாட்டியதைக் கோயிலாக்கிக் கல்லா கட்டுகிறார்களா என்று வழியெல்லாம் பொருமினேன்.

சோளக்காட்டின் நடுவே கோபுரம் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. எங்கள் ஊரில் துரு உதிர நின்றது இதுதான். படியடியில் ரிக்காரரின் மனைவி வாயில் விரல் வைத்தார்.

"மெல்லப் பேசுங்க. சாமி மேல தூங்குது."

"தூங்குற சாமியா? உண்டியல் எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன். "இது எங்கப்பா ஏத்தின விளக்கு. இதை வச்சு ஊரை ஏமாத்துறீங்களா?"

மேலே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"போச்சு, முழிச்சிருச்சு," என்றார் அந்த அம்மா. "எம்புள்ளைக்குக் காச்சலுங்க. ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லீங்க. மேல காத்து வருதுன்னு அவங்கப்பா மடில போட்டு இப்பத்தான் கண்ணசந்துச்சு."

பெற்ற பிள்ளையைச் சாமி என்று கூப்பிடும் ஊர் இது. அதுகூடத் தெரியாமல் வந்து சட்டம் பேசியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ரிக்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார். நான் கத்தியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"உங்கப்பா ஏத்துன வெளக்குங்களா? அப்ப நீங்க மேல போய்ப் பாருங்க. நாங்க கீழ இருந்துக்கறோம்," என்றார்.

குழந்தை மேலே கைகாட்டிக் கேவியது.

"வேண்டாங்க. நீங்க பிள்ளைய மேலயே கூட்டிட்டுப் போங்க," என்றேன்.

அவர்கள் ஏறிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கியது. எங்கள் ஊரில் இந்தக் கோபுரம் நின்ற இடத்தை இப்போது யாருக்கும் அடையாளம் காட்டத் தெரியாது. ஓட்டுநர் வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். தார்ச்சாலை வரும்வரை இருவரும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே நடந்தோம்.