அரசு டிவியில் கேட்ட ‘சீ’

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். ரெட்டியார்பாளையத்தில் கேபிள், டிஷ், டிவிக்கு நெட் என்று எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப் பழக்கமானவர்தான், தெருவே பிரெஞ்சில் ‘மதாம்’ என்று கூப்பிடும் அந்த வயதான அம்மாள்.

மதாமின் அப்பா தமிழர், அம்மா வியட்நாம்காரர். சைகோனில் பிறந்து, பதினாலு வயதில் அப்பாவோடு விமானம் ஏறிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். அம்மாவும் எட்டு வயதுத் தங்கையும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. பிரிந்த குடும்பங்களைத் தேடித்தரும் நிகழ்ச்சி ஒன்று அந்த நாட்டு அரசு டிவியில் வருகிறது என்று போன வருடம் கேள்விப்பட்டு, பழைய போட்டோவை அனுப்பினார். தங்கை கிடைத்துவிட்டார். ஆனால், அக்காவோடு பேசுவேனா மாட்டேனா என்பதை நிகழ்ச்சியிலேயே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

அந்தப் பதில் வரவேண்டிய சாயங்காலம் ஆறு மணிக்கே போய் டிவியில் நெட்டை மாட்டினேன். ஆறரைக்கு நிகழ்ச்சி. மதாம் விரலை நெரித்துக்கொண்டே இருந்தார். சிரிக்கவைக்கலாம் என்று வாயைக் கொடுத்தேன்.

“ஏன் மதாம், நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப அங்க டிவிலாம் இருந்துச்சா?”

“இல்லாம? மொதமொதல்ல ஏரோப்ளேன்லேருந்துதான் டிவி வுட்டாங்க. அது மேல சுத்திக்கினே இருக்கும். தெருவுல ஒரு பொட்டிய வச்சிக்கினு நாங்க கீழ குந்திப் பாப்போம்.”

“பீலா வுடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? அப்ப லாஸ்பேட்டை ஏர்போர்ட்டாண்ட போயி நின்னா எனக்கும் சீரியல் தெரியுமா?”

“போடா பொறுக்கி. நெசமாத்தான் சொல்றேன். டவரு, கலரு எல்லாம் அப்புறந்தான். இப்ப ஒன்னோட ஒயர்லயே அந்த ஊரு டிவி வந்துடுச்சி.” சிரிக்கவந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “வுட்டுட்டு வந்தவகூட எதுக்குப் பேசணும்னு தங்கச்சி சொல்லிட்டாள்னா?”

டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன்.

நிகழ்ச்சி தொடங்கியது. இரண்டு சிறுமிகள் நிற்கும் அந்தப் போட்டோவைக் காட்டினார்கள். பிறகு நரைத்த தலையோடு ஒரு அம்மாள். மதாமின் அதே மூக்கு. நேராகக் கேமராவைப் பார்த்தார். முகம் கோணியது. “சீ” என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் சத்தமாக, “சீ!”

எனக்கு வியட்நாம் பாஷை தெரியாது. ஆனால் இந்த ஒரு சொல்லை என் வீட்டில் தினமும் வாங்குகிறேன். மதாம் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டேன்.

“ஏன்டா நிறுத்தன?”

“வுடுங்க மதாம். ஊரே பாக்கறப்ப சீ சீன்னு துப்புது. அதக் கேக்கணும்னு ஒங்களுக்கு என்ன தலையெழுத்து?”

“அடப் பாவி! அந்த பாஷையில சீன்னா அக்காடா!”

மறுபடி போட்டேன். டிவிக்கு அவசரம் தெரியுமா? கம்பெனிப் பேர் வந்தது. நெட்டைத் தேடியது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதாம் என் முதுகில் இரண்டு கையாலும் குத்தினார்.

“இன்னா சொன்னாளோ! ஐயோ, இன்னா சொன்னாளோ!”

படம் வந்தபோது தங்கை பேசி முடித்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளைக் கேமரா முன்னால் பிடித்திருந்தார். தாள் நிறைய பெரிய பெரிய எண்கள், போன் நம்பர்.

“கண்ணாடி எங்க? என் கண்ணாடி எங்கடா?”

“கண்ணாடிய வுடுங்க, நான் பாக்கறேன்!”

போனைத் தூக்கி டிவியைப் படம் பிடித்தேன். அடுத்த நொடி வேறு யாரோ பாட வந்துவிட்டார்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆடிப்போயிருந்தது. கடைசி எண் ஒன்றா, ஏழா என்று தெரியவில்லை. முதலில் ஒன்றைப் போட்டேன். யாரோ ஒரு ஆள் கத்திவிட்டு வைத்தான். ஏழைப் போட்டேன். மணி அடித்தது. எடுத்ததும் அதே “சீ!” போனை மதாம் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் தங்கை பேசப் பேச, பாதி மறந்துபோன பாஷையைத் தேடிக்கொண்டு மதாம் “ம், ம்” என்று மட்டும் சொன்னார். நான் மெதுவாக நழுவப் பார்த்தேன். சட்டையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். அப்புறம்தான் உறைத்தது, போகவும் முடியாது. போன் என்னுடையது.