அரை மணி நேரமும் ஒரு தேங்காயும்

காலையில் தோசையைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்த பிறகுதான் அது யாருடைய தேங்காய் என்று ஞாபகம் வந்தது. ஜெயாவுடையது. அவள் கணவருக்கு அன்று பத்து மணிக்கு இருதய ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாருக்கு நான் உடைத்திருக்க வேண்டிய தேங்காய் அது.

எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்குப் போகிற பெண்களுக்கு உதவும்.

1. தபால் செக்‌ஷன்

கிழக்கேகோட்டைப் பக்கம் ஓர் அரசு அலுவலகம். வருகிற கடிதத்துக்கெல்லாம் நம்பர் போட்டு அந்தந்த ஸீட்டுக்கு அனுப்புவது என் வேலை. பத்தேகாலிலிருந்து ஐந்தேகால் வரை மேஜைக்கு முன்னால் ஆள் நிற்காத நிமிஷம் கிடையாது. "மேடம், எண்டெ ஃபயல் எவிடெ?" என்று மலையாளத்தில் அவரவர் ஃபைல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கரமனை வீட்டிலோ ஆறு பேர், இரண்டு அறை. நான் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று சாக்ஸ் எங்கே என்பார்கள்.

ஆபீஸுக்குப் பக்கத்து மைதானத்தில் மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்ச் உண்டு. ஆபீஸ் விட்டதும் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். போனைக்கூட எடுக்கமாட்டேன். அது கிடைக்காத நாளில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

ஆனால் எங்கள் ஆபீஸ் பெண்கள் கூட்டமாகத்தான் பஸ்ஸுக்கு நடப்பார்கள். "தெனமும் எங்கக்கா போறிய? வீட்டுல ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டாள் ஜெயா. பாறசாலைக்காரி, பக்கத்து ஸீட். தனியாக இருக்கப் பிடிக்கும் என்று சொல்ல எனக்கு வெட்கம்.

"பிள்ளையார் கோயிலுக்குப் போறேன்" என்றேன்.

2. மேஜை மேல் தேங்காய்

பிள்ளையார் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் அடுத்த கேள்வி வராது, தேங்காய்தான் வரும். பழவங்காடியில் வேண்டுதல் என்றால் தேங்காய் உடைப்பதுதான். மகளுக்கு அரசு வேலைப் பரீட்சை, தம்பிக்கு விசா என்று ஐந்து மணிக்கெல்லாம் உடைக்கச் சொல்லி என் மேஜைக்குத் தேங்காய் வந்துவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் அரை மணி நேரம் முழுக்கக் கோயில் நெரிசலில் போயிற்று. பெஞ்சைப் பார்த்தே மாதக்கணக்காயிற்று.

அப்போதுதான் ஜெயா வந்தாள். "இவருக்கு நாளைக்கு ஆபரேஷன். எனக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் நேரமிருக்கு. நீங்க ஒண்ணு ஓடச்சிருங்கக்கா."

பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்று பெஞ்சுக்குப் போனேன். அத்தனை நாள் ஏக்கம். நேரம் போனதே தெரியவில்லை. கரமனை பஸ்ஸைப் பார்த்ததும் தேங்காயை மறந்து ஓடிப்போய் ஏறிவிட்டேன். பையிலிருந்த தேங்காயை மாமியார் எடுத்துக் காலையில் சட்னி அரைத்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை முழுக்க ஒரு கடிதத்துக்கும் சரியான நம்பர் போடவில்லை. சூப்பரின்டென்டண்ட் திட்டியதுகூடக் காதில் விழவில்லை.

3. வேண்டாம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லீவு முடிந்து வந்த ஜெயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஓடச்ச தேங்காதான்க்கா அவரக் காப்பாத்திச்சு" என்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. சட்னி உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "தனியா இருக்கணும்னு சொல்லியிருந்தா வேற ஆள்ட்ட குடுத்திருப்பேன்லா?" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் பெயரில் ஒரு தேங்காய் உடைத்தேன். மறுநாள் ஐந்தேகாலுக்கு எல்லோரிடமும், "நீங்க போங்க. நான் மரத்தடியில கொஞ்ச நேரம் தனியா உக்காரப்போறேன்" என்றேன்.

"ஞானும் வரட்டே?" என்றாள் ஒருத்தி.

"வேண்டாம்."

ஜெயா என்னைப் பார்க்கவில்லை. "வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனாள்.

தனியாக இருக்க நேரம் வேண்டுமென்றால் அதைச் சொல்லியே கேளுங்கள். சாமியை இழுக்காதீர்கள். தேங்காய் உடைத்த மாதிரிப் பேச வேண்டும் என்பார்கள். ஊரார் தேங்காயெல்லாம் உடைத்த எனக்கு அந்தப் பேச்சு மட்டும் கடைசியில்தான் வந்தது.