பச்சை சாக்பீஸ்

வீட்டில் அவள் பெரியவள். பள்ளிக்கூடத்தில் சின்ன மிஸ். ஒரே பஸ் பயணத்தில் ஒருத்தி இப்படிச் சுருங்கிப்போவது ஆசிரியர் படிப்பின் மூன்றாம் வருஷத்தில்தான் நடக்கும். முதல் இரண்டு வருஷமும் குழந்தைகளைப் பற்றிப் படிக்கவைக்கிறார்கள். மூன்றாம் வருஷம் குழந்தைகளையே கொண்டுவந்து எதிரே உட்காரவைத்துவிடுகிறார்கள். புத்தகத்தில் படித்த குழந்தைக்கும் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் ஜாடைகூட ஒத்துப்போவதில்லை.

அம்மாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள் அவள். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மூத்தவ டீச்சருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஆகலம்மா. பயிற்சிதான்."

"ஆகாமலா தினமும் சாக்பீஸ் தூளோட வீட்டுக்கு வர்றே? துணி பொய் சொல்லாதுடி."

மூன்றாம் வருஷத்தில் என்னதான் இருக்கும் என்று ஆரம்பத்திலேயே கல்லூரி ஹாஸ்டலில் இருக்கும் அக்கா ஒருத்தியிடம் விசாரித்துவைத்திருந்தாள். அக்கா கடைசி வருஷம். எல்லாவற்றையும் பார்த்துத் தேறியவள்.

"தொண்டை கட்டும். விரல்ல பசையோட சாப்பிடுவே. கல்யாண வீட்டுக்குப் போனாகூட வரிசையில நில்லுங்கன்னு கத்துவே. அதெல்லாம் பழகிடும். மேற்பார்வைக்கு சார் வர்ற அன்னிக்கு மட்டும் ஜாக்கிரதை. எல்லா வகுப்புலயும் ஒரு வாய் இருக்கும். அதை வெளிய அனுப்பிடு."

"எப்படிக்கா?"

"ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லு. ஆனா இல்லாத பொருளாப் பாத்துச் சொல்லு. இருக்கற பொருள்னா ஓடிப்போய் எடுத்துட்டு வந்து நிக்கும், சனியன்."

சின்ன மிஸ்ஸின் வகுப்பில் அந்த வாய்க்குக் கொக்கி என்று பெயர். கூடப் படிக்கும் பிள்ளைகள் வைத்தது. பதில் சொன்னால் அந்தப் பதிலிலேயே இன்னொரு கேள்வியை மாட்டி இழுப்பாள் அந்தப் பெண். செடி தன் சாப்பாட்டைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்று சின்ன மிஸ் ஒருநாள் சொல்லி வாய் மூடவில்லை. "அப்ப அதுக்குப் பசிக்குமா மிஸ்?" என்றாள். பாடத்தில் இல்லாததைக் கேட்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தாயிற்று. "பாடத்துல இருந்தா நான் ஏன் மிஸ் கேக்கறேன்?" என்று பதில் வந்தது. நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் தொந்தரவு.

அதே பாடத்தை நடத்தும்போது பார்க்கத்தான் 'ம்ம்' சார் வருவதாக இருந்தது. கல்லூரியில் அவருக்கு அதுதான் பெயர். பாராட்டுக்கும் ம்ம், கண்டனத்துக்கும் ம்ம். நீளத்தைவைத்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைய பாடத்தில் அவர் தேறவில்லை என்று எழுதிவிட்டால் பயிற்சி முழுவதையும் மறுபடி அடுத்த வருஷம் செய்ய வேண்டும். சலவைக் கடை வாடிக்கையாளர்களுக்கு அம்மா என்ன சொல்வாள்?

சார் உள்ளே வருவதற்குச் சற்று முன் சின்ன மிஸ் கொக்கியைக் கூப்பிட்டாள்.

"எனக்கு அவசரமா பச்சை சாக்பீஸ் வேணும். ஸ்டோர் ரூம்ல கேளு. இல்லன்னா ஆபீஸ். அங்கயும் இல்லன்னா மேல லேப். கிடைக்காம வரக் கூடாது. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

கரும்பலகை என்று பெயர்தானே தவிர, அந்தப் பள்ளியில் எல்லாப் பலகையும் பச்சை. அதனால் பச்சை சாக்பீஸை யாரும் வாங்கியதே இல்லை. இல்லாத பொருள் என்றால் அப்படியொரு இல்லாத பொருள். கொக்கி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவளை யாரும் நம்பி எதற்கும் அனுப்பியதில்லை. வாசலில் ஒருமுறை திரும்பி, "கண்டிப்பா கொண்டாரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். சின்ன மிஸ் துடைத்த பலகையையே மறுபடி துடைத்தாள். பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாடம் வழுக்கிக்கொண்டு போனது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. கேட்காத கேள்வி எதுவும் வரவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சார் எழுதிக்கொண்டே இருந்தார். மணி அடித்துப் பிள்ளைகள் விளையாட ஓடியதும் முன்னால் வந்து, "ரொம்ப அமைதியான வகுப்பு. ம்ம்" என்றார். குட்டையான, இனிப்பான ம்ம். தேறிவிட்டாள்.

"உள்ள வரலாமா மிஸ்?"

வாசலில் கொக்கி. முழங்கைவரை பச்சை. தலையில் இலைத்துணுக்கு.

"ஸ்டோர்ல இல்ல மிஸ். ஆபீஸ்ல சிரிச்சாங்க. லேபுல போ போன்னு விரட்டுனாங்க. சரி, உலகத்துலயே இல்ல போலன்னு நானே பண்ணிட்டேன்."

உள்ளங்கையில் ஒரு சாக்பீஸ். வெள்ளைத் துண்டை வேலியோரச் செடியின் இலையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, பாதி கரைந்து, பச்சையாகவே இருந்தது. உள்ளே இலையின் பச்சையைப் பற்றிப் பாடம் நடந்த நேரம் முழுக்க, கேட்க வேண்டியவள் வெளியே இலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் சார்.

"மிஸ்ஸுக்கு அவசரம் சார்." சின்ன மிஸ்ஸின் ரவிக்கைக் கையைப் பிடித்துப் பலகைக்கு இழுத்தாள். "எழுதிப் பாக்கலாமா மிஸ்?" எழுதினாள். ஒன்றும் தெரியவில்லை. சாக்பீஸைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், கடைசியாக மிஸ்ஸைப் பார்த்தாள்.

"மிஸ், இது பச்சை போர்டு. இதுல பச்சை தெரியாதே. உங்களுக்குத் தெரியாதா?"

முட்டாளா, மோசக்காரியா, இரண்டில் ஒன்றைச் சொல் என்கிற கேள்வி. இதற்கு மாதிரி விடை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. முட்டாள் என்றால் சார் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

"தெரியலடா. யோசிக்காம சொல்லிட்டேன்."

"பரவால்ல மிஸ்" என்றாள் கொக்கி, தோழியைத் தேற்றுவதுபோல. "எனக்கும் இப்பதான் தோணுச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை.

"இல்ல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் மிஸ் அனுப்புனீங்க?"

"நீ கேள்வி கேப்பேன்னு பயம். எனக்குப் பதில் தெரியாம போயிடும்னு."

கொக்கி பச்சைக் கைகளைச் சட்டையில் துடைத்தாள். "முதல்லயே சொல்லியிருந்தா சும்மா இருந்திருப்பேனே."

"இருந்திருப்பியா?"

நேர்மையாக யோசித்தாள். "கொஞ்ச நேரம் இருந்திருப்பேன் மிஸ்."

சார் எழுதிய தாளை இரண்டாக மடித்துப் பையில் வைத்தார். "ம்ம்ம்ம்." அவ்வளவு நீளமாக யாரும் கேட்டதில்லை. "நாளைக்கு இதே பாடம். இந்தப் பொண்ணு முன் பெஞ்சுல இருக்கணும்."

வீட்டில் அம்மா ரவிக்கையை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தாள். "இலைச்சாறு. லேசுல போகாது. யாருடி பிடிச்சது?"

"ஒரு பொண்ணு."

"கை கழுவாம டீச்சரைத் தொடறதா? நீ கண்டிக்கல?"

பெரியவள் ரவிக்கையை வாங்கி வாளியில் ஊறவைத்தாள். கண்டிக்கப்பட வேண்டியவள் யாரென்று அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் கொக்கி முன் பெஞ்சில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். வாயை இறுக்கி மூடியிருந்ததில் கன்னம் உப்பியிருந்தது. சின்ன மிஸ் பாடத்தை ஆரம்பித்தாள். நடுவில் வலிய நிறுத்தினாள்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

கொக்கியின் கன்னம் இன்னும் உப்பியது.

"செடி வெளிச்சத்துலதான் சாப்பாடு தயாரிக்கும். அப்ப ராத்திரியில?" தூண்டிலில் புழுவைக் கோத்துப் போட்டாகிவிட்டது. பார்வை கொக்கியின் மேல்தான். கொக்கி மாட்டேன் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். பிறகு, வகுப்பு முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில், "சார் இருக்காரு மிஸ்" என்றாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. சார் தாளை நீட்டினார். தேர்ச்சி என்று இருந்தது. வகுப்புக் கட்டுப்பாடு என்ற இடத்தில், மிக நன்று. புரிந்து எழுதினாரா, புரியாமல் எழுதினாரா? அவர் சொன்ன ம்ம் நடுத்தர நீளம். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் போனதும் சின்ன மிஸ் முன் பெஞ்சின் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"இப்ப கேளு."

"என்ன மிஸ்?"

"கேக்கணும்னு வெச்சிருந்தியே, அது. எனக்குப் பதில் தெரியலன்னாலும் பரவால்ல. சேர்ந்து தேடலாம்."

கொக்கி கூரையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள்.

"மறந்துபோச்சு மிஸ்."

"நல்லா யோசிச்சுப் பாரேன்."

யோசித்தாள். மிஸ்ஸின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. எதையாவது செய்து அதைச் சரிப்படுத்த வேண்டும் என்பது மட்டும் புரிந்தது போலிருக்கிறது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வேற ஏதாவது கொண்டாரணுமா மிஸ்?"