பெண் பார்க்கப் போன இடத்தில் பீர்

எங்கள் வீட்டில் எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் மாமாவுக்குத்தான் போன் போகும். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகிற குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி முடித்தவர் என்பதால், அவர் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் பேச்சில்லை. மிக்சி வாங்கினால் மோட்டார் சூடாகிறதா என்று கடையிலேயே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டச் போன் வாங்கினால் கேமராவைப் பார்த்து ஏமாறக் கூடாது, பேட்டரியைப் பார்க்க வேண்டும். பெங்களூருக்கு ஸ்லீப்பர் பஸ்ஸில் போனால் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற படுக்கையை வாங்கிவிடக் கூடாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் சாமான்கள் மாமா சொல்லி வாங்கியவைதான்.

பீரைப் பற்றியும் அவருக்குக் கருத்து இருந்தது. எங்களுக்குப் பாண்டிச்சேரி எல்லை பக்கம். அப்பா எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டில் வாங்கி வந்து மொட்டை மாடிக்குப் போவார். மாமாவும் மிக்சர் பொட்டலத்தோடு கூடப் போவார். அந்த நேரத்தில் அம்மா சமையலறையில் பாத்திரங்களை வைக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும். அப்பாவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. தம்பியைப் பற்றித்தான். அவளுடைய அப்பா, அதாவது என் தாத்தா, குடித்தே போய்ச் சேர்ந்தவர். அதை அம்மா என்னிடம் அப்போது சொன்னதில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மாமாவுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் பார்த்த இரண்டு இடங்களும் தட்டிப்போயின. ஐஸ் பேக்டரி வேலை நிரந்தரமா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் பிறகு போனை எடுக்கவில்லை. மூன்றாவதாகச் சிதம்பரத்தில் ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பா பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்து நன்றாக இருப்பவர். பெண் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் அமைய வேண்டும் என்று அம்மா வேண்டாத சாமியில்லை.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டிலேயே மாமாவிடம் சொல்லிவிட்டாள்: "அங்க வந்து வாயத் தொறந்து கதையளக்காதடா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

மாமாவும் தலையாட்டினார். அந்த வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வந்து, பெண் வந்து கும்பிட்டுவிட்டுக் கதவோரம் போய் நிற்கும்வரை ஒழுங்காகத்தான் இருந்தார். ஆனால் பெண்ணின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்தார். கூடத்துச் சுவரில் பெரிய டிவி ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. அவர் அதைக் காட்டி, "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார்.

கேட்டதற்குப் பதில் சொல்லலாம் என்று அம்மாவே சொல்லியிருந்தாளே.

"டிவி அருமையான டிவிங்க. மாட்டுனதுதான் கொஞ்சம் ஜாஸ்தி உசரம். கண்ணு மட்டத்துக்கு இருக்கணும். இப்படி இருந்தா ஒரு வருஷத்துல எல்லாருக்கும் கழுத்து வலி வந்துரும்."

பெண்ணின் அப்பா டிவியை அண்ணாந்து பார்த்தார். அதை மாட்டச் சொல்லி இடம் காட்டியவர் அவர். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன்காரருக்கு ஆர்வம் வந்துவிட்டது. போனை எடுத்துக் காட்டினார். மாமா பேட்டரியைப் பற்றிச் சொன்னார். ஏர்போர்ட்டுக்கு எந்த பஸ்ஸில் போகலாம் என்று அண்ணன்காரர் கேட்டார். அதற்கும் மாமா சொன்னார். நான் பஜ்ஜியைத் தின்றபடி பெருமையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு அண்ணன்காரர் குரலைத் தாழ்த்தி, ஏதோ கூட்டாளியிடம் கேட்கிற மாதிரி, சிங்கப்பூர் பீர் மாதிரி இங்கே கிடைப்பதில்லை, பாண்டியில் வாங்கினாலும் ஒரு வாடை வருகிறதே என்றார்.

மாமா கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரால் முடியவில்லை.

"பச்சை பாட்டில் வாங்கியிருப்பீங்க. அதுல வெளிச்சம் பட்டா அந்த வாடை வரும். பழுப்பு பாட்டிலாப் பாத்து வாங்குங்க. அப்புறம் ஒருவாட்டி ஜில்லுன்னு இருந்து சூடானத மறுபடி பிரிட்ஜ்ல வெச்சா ருசி போயிடும். ஊத்தும்போது டம்ளரைச் சாய்ச்சிக்கணும்."

பெண்ணின் அம்மா காபி டபராவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"எப்பயாச்சும்?"

"ஒருவாட்டிகூட இல்லீங்க."

"அப்ப இவ்ளோ விவரம் எப்படித் தெரியும்?"

மாமாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார். ஐஸ் பேக்டரிக்கு மீன் லாரிகள் வரும். ஐஸ் ஏறுகிறவரை டிரைவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். கேரளாக்காரர், ஆந்திராக்காரர் என்று ஊர் ஊராகப் போகிறவர்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான் என்றார்.

"ஏர்போர்ட் பஸ்ஸு?"

"போனதில்லீங்க."

"வீட்ல இந்த மாதிரி டிவி இருக்கா?"

"பழைய டப்பா டிவிதாங்க. மாட்டுறது பத்தி டிரைவர் ஒருத்தர் சொன்னாரு. சரியா தப்பான்னு எனக்குத் தெரியாதுங்க."

என் மாமா, ஒரு தெருவுக்கே புத்தி சொன்னவர், ஒன்றுமே தெரியாதவர். பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். கலந்து பேசிச் சொல்கிறோம் என்று அவர்கள் எழுந்துகொண்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இந்த இடமும் போய்விட்டதென்று அழுகிறாள் என நினைத்தேன். சேத்தியாத்தோப்பு ரோடு பிரிகிற இடம் தாண்டியதும் அப்பாவிடம் கேட்டாள்: "அவன் குடிக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மிக்சரு முழுக்க அவன்தான் தின்பான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"நீ கேக்கலியே" என்றார் அப்பா. அம்மா அதற்குச் சிரித்தாளா, திட்டினாளா என்று எனக்கு இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கலந்த ஒரு சத்தம்.

ஒரு வாரம் கழித்துச் சிதம்பரத்திலிருந்து சம்மதம் என்று போன் வந்தது. பெண்ணே பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். எதுவும் தெரியாது என்று தானே சொன்ன ஒருவரை எதற்காகக் கட்டிக்கொள்கிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. கல்யாணச் சாப்பாட்டிலும் அதே யோசனையாக இருந்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் மாமி காரணம் சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது குடும்பத்தோடு திட்டக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்களாம். அவளுடைய அப்பா யாரிடமும் கேட்காமல் ஒரு பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றினார். அது திட்டக்குடிக்குப் போகாமல் லால்பேட்டை வழியாகக் காட்டுமன்னார்கோயில் போகிற பஸ். பாதி வழியில் அவள் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது. யாரும் வாய் திறக்கவில்லை. லால்பேட்டையில் இறங்கி, தனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது என்றாராம் அப்பா. பட்டுப்புடவையோடு ஒரு டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த வேலை என்ன என்று வீட்டில் இன்றுவரை யாரும் கேட்டதில்லை.

"எங்க வீட்டு ஆம்பளைங்க வாயில 'தெரியாது'ன்னு ஒரு வார்த்தைய நான் கேட்டதே கெடையாது" என்றாள் மாமி. "உங்க மாமா அன்னிக்கு அத்தன பேரு முன்னால சொன்னாரு."

அவள் அதைச் சொன்னபோது, பெண் பார்த்த அன்று கதவோரம் நின்ற அவள் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு அவள் மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். கேலி செய்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று திரும்பும் பஸ்ஸில் கடலூர் வருவதற்குள் மாமாவிடம் கோள் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு வேணாம் மாமா. நீ பேசும்போது உன்னப் பாத்து சிரிச்சுச்சு."

"சிரிச்சுச்சா?" என்றார் மாமா. "நல்லாப் பாத்தியா?"

"ஆமா மாமா."

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு மறுபடியும் திரும்பி அதையே கேட்டார். எப்படிச் சிரித்தாள், எப்போது சிரித்தாள் என்று கேட்டார். பாவம், எவ்வளவு வலித்திருந்தால் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பார் என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.