நானும் விடுமுறையில்தான் வந்திருந்தேன்

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு மகள் தந்த பரிசு அந்தப் பயணம். இத்தாலியில் கடலோரமாக ஐந்து நாளைக்கு ஒரு வீடு எடுத்திருந்தாள். சுவிஸில் நாங்கள் இருக்கிற லாங்கன்தாலிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மலையைக் குடைந்த கோத்தார்ட் சுரங்கம் தாண்டி, நாள் முழுதும் காரில் இருந்து போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் நாள் ஜிலியோ என்ற சின்னத் தீவுக்குப் படகுப் பயணம். காலையில் போய் மாலையில் திரும்புவது.

படகின் மேல்தளத்தில் நிழலான வாங்கு ஒன்றில் நானும் கணவரும் இருந்தோம். மகள் படம் எடுக்க முன்பக்கம் போய்விட்டாள். நான் வெள்ளைச் சட்டையும் கருநீலக் காற்சட்டையும் போட்டிருந்தேன். சட்டையின் கழுத்தைச் சுற்றிப் பூவேலை. அதற்கு மேலே தாலிக்கொடி. கையில் கச்சான் கடலைப் பை. கப்பலில் வேலை செய்கிறவள் தாலிக்கொடியோடு உட்கார்ந்து கச்சான் உடைப்பாளா என்று நீங்களே சொல்லுங்கள்.

கரை மறைந்து கொஞ்ச நேரத்தில், என் வயதுப் பெண் ஒருத்தி கழிப்பறைப் பக்கமிருந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள். "நோ பேப்பர். டாய்லெட்," என்றாள் ஆங்கிலத்தில். கையால் சுற்றிக் காட்டவும் செய்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடுதாசி இருக்கிறதா என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "ஐ டோன்ட் நோ" என்றேன். அவள் தன் கணவரிடம் திரும்பி, "இதுக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்று சொன்னாள். அது பேர்ண் பக்கத்துச் சுவிஸ் ஜெர்மன். நான் பத்தொன்பது வருடமாக லாங்கன்தாலில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்கிறவள். அந்தப் பாஷையில்தான் பிள்ளைகளை அதட்டுகிறேன், ஆசிரியர்களோடு கதைக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவள் என்னைப் படகின் துப்புரவுக்காரியாக நினைத்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கணவரிடம் சொன்னேன்.

"விடுமன்," என்றார். "வெள்ளைச் சட்டையைப் பாத்து மாறி நினைச்சிட்டுது. இஞ்சை வேலை செய்யிற பிள்ளையளும் வெள்ளைதானே போட்டிருக்கினம்?"

"அந்தப் பிள்ளையளின்ர முதுகிலை கப்பலின்ர பேர் பெரிசா எழுதிக் கிடக்குது. அதுகள் பொன்னிறத் தலைமயிர். அதுகளை விட்டிட்டு என்னட்டை ஏன் வந்தவ?"

அவர் கடலைப் பார்த்தார். நான் அடுத்த கச்சானை உடைத்தேன். நல்ல நாளைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கும்தான் ஆசை.

தீவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நேரம், ஓடித் திரிந்த ஒரு குழந்தை அந்தப் பெண்ணின் காலடியில் தோடம்பழச் சாற்றைத் தட்டிவிட்டது. தரையெல்லாம் ஈரம். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். எழும்பக்கூட இல்லை. விரலை உயர்த்தி என்னைக் கூப்பிட்டு, அந்த விரலாலேயே தரையைக் காட்டினாள். "ஹியர், ப்ளீஸ்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் எழும்பிவிட்டார். பையிலிருந்த கடுதாசிக் கைக்குட்டைகளை அள்ளிக்கொண்டு போய், முழங்காலூன்றித் துடைக்கத் தொடங்கினார். திருமண நாளுக்கென்று மகள் வாங்கிக் கொடுத்த காற்சட்டையோடு. அந்தப் பெண் காலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள், அவர் வடிவாகத் துடைக்கட்டும் என்று.

கச்சான் பையை வாங்கில் வைத்தேன். எழும்பி அவள் முன்னால் போய் நின்று, அவளுடைய பாஷையிலேயே சொன்னேன்: "நான் இங்கே வேலை செய்யவில்லை. இவரும் செய்யவில்லை. உங்களைப் போல நாங்களும் விடுமுறையில்தான் வந்திருக்கிறோம்."

அவள் முகம் சிவந்தது. பிறகு சொன்னாள்: "ஓ! நீங்கள் எவ்வளவு நன்றாக ஜெர்மன் கதைக்கிறீர்கள்!"

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். தரையிலிருந்து எழும்பிய என் கணவர் அவளைப் பார்த்து, "பரவாயில்லை, மன்னியுங்கோ, அவவுக்குக் கொஞ்சம் கோபம்" என்று ஜெர்மனில் சொன்னார். மன்னிப்பு! அவர் கேட்கிறார்! அவளிடம்!

தீவில் இறங்கியதும் அவரைப் பின்னால் விட்டு மகளோடு நடந்தேன். துறைமுகத்தைச் சுற்றி மஞ்சளும் ரோசாவுமாக வீடுகள். அடி தெரிகிற தண்ணீர். மகள் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்பா, ஏன் துடைச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

"பிள்ளை ஓடித் திரிஞ்சது. வழுக்கி விழுந்தா மண்டை உடையும். ஆர் துடைச்சா என்ன?"

"அவ துடைச்சிருக்கலாமே?" என்றேன் நான். "பக்கத்திலை இருந்தவ அவதானே. அவவின்ர கையிலையும் பேப்பர் கைக்குட்டை இருந்தது."

"இருபத்தெட்டு வருசமா ஹோட்டல் குசினியிலை நிக்கிறன். கீழை ஏதும் ஊத்துப்பட்டா கை தன்பாட்டிலை போகுது. அதுக்கு என்ன செய்யச் சொல்லுறீர்?"

அதைக் கேட்டும் என் கோபம் குறையவில்லை. துப்புரவு வேலையை நான் கேவலமாக நினைப்பதால்தான் இந்தக் கோபம் என்று பிறகு ஒரு உறவினர் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் வேலைதான் பிள்ளைகளைப் படிப்பித்தது. அந்த வேலைக்கு நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. நடுக்கடலில் கச்சான் தின்றுகொண்டு இருக்கும்போதும் அது என் முகத்தில் எழுதியிருக்கிறது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

பேருந்தில் மலையுச்சிக் கிராமத்துக்குப் போனோம். பழைய கோட்டை மதில், கல் பாவிய ஒடுங்கின ஒழுங்கைகள், கீழே நாலு பக்கமும் கடல். மகள் படங்கள் காட்டினால்தான் எனக்கு இவை நினைவு வருகின்றன. அன்று நான் பார்த்ததெல்லாம் அந்தத் தூக்கிய காலைத்தான்.

மாலை திரும்பும் படகில் அவள் எங்களைத் தேடி வந்தாள். எதிர் வாங்கில் உட்கார்ந்தாள். மதியம் முழுவதும் அதையே நினைத்து வெட்கப்பட்டதாகச் சொன்னாள். தான் அப்படிப்பட்டவள் இல்லையாம். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தமிழ்க் குடும்பமாம், மிக நல்ல மனிதர்களாம். தீபாவளிக்குப் பலகாரம் கொடுப்பார்களாம்.

"முதல் தரம் நீங்கள் மாறி நினைத்தீர்கள், சரி," என்றேன். "எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அதற்குப் பிறகும் இரண்டாம் தரம் என்னை ஏன் கூப்பிட்டீர்கள்?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். சும்மா கண் கலங்கவில்லை, தோள் குலுங்கிய அழுகை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள், நான் அவளை அடித்தவள் போல. என் கணவர் மிச்சமிருந்த கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். பிறகு என்னிடம் மெதுவாக, "ஏதாவது ஆறுதலாச் சொல்லும்" என்றார்.

"அவவின்ர கண்ணீர் துடைக்கிற வேலையும் எனக்கோ?" என்று தமிழில் கேட்டுவிட்டு எழும்பிப் படகின் முன்பக்கம் போனேன். மகளும் வந்து பக்கத்தில் நின்றாள். கரை வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். காற்று நல்ல பலம்.

ஊருக்குத் திரும்பும் வழியில், கோத்தார்ட்டுக்கு முன்னால் நீண்ட வாகன வரிசையில் நிற்கும்போது அவர் கேட்டார்: "மன்னிப்புக் கேட்டு வந்த மனிசிக்கு ஒரு 'பரவாயில்லை' சொன்னால் உமக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"பரவாயில்லை எண்டு நீங்கள் காலமையே சொல்லிப்போட்டீங்கள். எனக்கு அது பரவாயில்லை இல்லை."

பின்சீட்டில் மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இன்றும் அந்த மனிசி நல்லவ என்றுதான் சொல்கிறார். நல்லவளாகத்தான் இருப்பாள், நான் மறுக்கவில்லை. அடுத்த கோடையில் வேறொரு தீவுக்குப் போகலாமா என்று மகள் கேட்கிறாள். வாறன் என்று சொல்லியிருக்கிறேன்.